மாமாவைப் பார்க்க வந்த இயந்திரம்

இதை எழுதலாமா விடலாமா என்று சில வருடங்களாக யோசித்துக்கொண்டிருந்தேன். எழுதத் தெரியாதது ஒரு காரணம். எட்டாம் வகுப்போடு வயலுக்குப் போனவன் நான். தேவாரம் பாடமாக்கியதையும் உரக்கடையில் கையெழுத்து வைத்ததையும் தவிர எழுத்தோடு எனக்குப் பெரிய பழக்கம் இல்லை. மற்றக் காரணம், இது என் மனைவியின் தகப்பனாருடைய உடம்பைப் பற்றிய விஷயம். ஒரு மனிதர் எப்படிக் குளித்தார், எப்படிச் சாப்பிட்டார் என்பதை நாலு பேர் படிக்க எழுதுவது சரிதானா என்று சாமியறையில் நின்று பலமுறை கேட்டிருக்கிறேன். பதில் வரவில்லை. பதில் வராததை வேண்டாம் என்ற பதிலாக எடுத்துக்கொண்டு இருந்துவிட்டேன். போன பொங்கலுக்கு மனைவி சொன்னாள்: "நீங்கள் எழுதாட்டி மற்றாக்கள் தங்கட பாட்டுக்குக் கதைச்சுக்கொண்டுதான் இருப்பினம். எழுதிப்போட்டு நிம்மதியாய்ப் படுங்கோ." ஆகவே எழுதுகிறேன்.

நாங்கள் இருப்பது கிளிநொச்சிப் பக்கத்து அக்கராயனில். வீடு என் மனைவிக்குச் சீதனமாக வந்த வீடு. ஆகவே மாமா எங்களோடு இருந்தார் என்பதைவிட நாங்கள் மாமாவோடு இருந்தோம் என்பதுதான் சரி. மாமி முன்னரே காலமாகிவிட்டார். மனைவியோடு கூடப்பிறந்தவர் ஒரே ஓர் அண்ணர். அவர், அதாவது என் மச்சான், பனி கொட்டுகிற ஒரு நாட்டில் இருக்கிறார். அவரும் என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவார். அங்கே தங்குவதற்கான அனுமதி அவருக்கு இன்னும் முழுதாகக் கிடைக்கவில்லை. இங்கே வந்தால் திரும்பிப் போக முடியாது. தாயின் செத்தவீட்டுக்கும் அவர் வரவில்லை. அங்கே ஒரு பெரிய வயோதிபர் இல்லத்தில் வேலை என்று சொல்லியிருந்தார். என்ன வேலை என்று நாங்கள் கேட்டதில்லை. மாமா ஊரில் சொன்னது கந்தோர் வேலை, மேசையில் இருந்து எழுதுகிற வேலை என்று.

மாமா யாழ்ப்பாணப் பக்கத்திலிருந்து இளந்தாரியாக வந்து காடு வெட்டிக் குடியேறியவர். எங்கள் வாய்க்காலில் தண்ணீர்ப் பிணக்கு வந்தால் ஆட்கள் நீர்ப்பாசனக் கந்தோருக்குப் போகமுன் இவரிடம் வருவார்கள். இவர் வரம்பில் நின்று ஒருமுறை செருமினால் அடுத்த வயல்காரன் மடையை மூடிவிடுவான். நெல்லு மூட்டையைத் தோளில் வைத்தபடியே மற்றக் கையால் வாசல் படலையைத் திறப்பார். மச்சான் போகும்போது பார்த்துவிட்டுப் போன தகப்பன் அந்த மனிதர்தான்.

பிறகு பாரிசவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்துபோயின. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. அந்தப் பக்கத்தால் தேத்தண்ணீர் வடியும். வடிவது அவருக்குத் தெரியாது. மனைவி துடைக்கப் போனால் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார்.

அவரைக் குளிப்பாட்டுவது என் வேலையாயிற்று. மாமனும் மருமகனும் எங்கள் பக்கத்தில் அளவோடு பழகுகிறவர்கள். ஒரே கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கமாட்டார்கள். அப்படிப்பட்டவரை நான் கிணற்றடியில் கதிரையில் வைத்துச் சவர்க்காரம் போட வேண்டியிருந்தது. அதற்கு நாங்கள் இருவரும் சொல்லிக்கொள்ளாமலே ஒரு வழி கண்டோம். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு வயலைப் பற்றிக் கதைப்போம். முதுகு தேய்க்கும்போது உரவிலை. கால் கழுவும்போது வயலுக்குள் வருகிற யானை. மற்ற இடங்களுக்கு வரும்போது, குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று மாமா கேட்பார். நான் நேற்றுச் சொன்னதையே இன்றும் சொல்வேன். அவரும் புதிதாகக் கேட்பதுபோல, "ம்ம், காணும் காணும், இந்தப் போகத்துக்குப் போதும்" என்பார்.

மச்சான் போனில் கூப்பிடும்போது குரல் மட்டும் கொடுப்பார் மாமா. "ஓம்… ஓம்… சரி… வை." முகம் தெரிகிற அழைப்பு என்றால் அவர் நித்திரை. நித்திரை இல்லாவிட்டால் கிணற்றடி. மச்சானுக்கு நாங்கள் சொன்னதையெல்லாம் சேர்த்தால், மாமா அந்தக் காலம் முழுவதும் நித்திரையும் குளிப்புமாகவே இருந்திருக்கிறார்.

நான் ஒருநாள் கேட்டேன். "ஏன் மாமா, ஒருக்கா முகத்தைக் காட்டினால் என்ன? அவரும் ஆசைப்படுறார்."

மாமா சுவர்ப் பக்கம் திரும்பினார். பிறகு, "அவன் கடைசியாய்ப் பாத்த முகம் ஒண்டு அவனிட்ட இருக்குத்தானே தம்பி," என்றார். "அது நல்ல முகம். அதோட இருக்கட்டும்."

நான் போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

பெற்றோல் வரிசைகள் முடிந்து ஆட்கள் திரும்பவும் மோட்டார்சைக்கிள் ஓடத் தொடங்கிய காலத்தில் மச்சான் சொன்னார். "மச்சான், ஒரு சாமான் கப்பலில அனுப்பியிருக்கிறன். எங்கட இல்லத்தில பழசைக் கழிச்சவங்கள். நல்ல நிலையில இருக்கு. வயசானாக்களைப் பாக்கிற ரோபோ."

"என்ன செய்யும்?"

"மருந்துக் குளிசை நேரத்துக்குக் கொண்டுவந்து குடுக்கும். பிடிச்சு எழும்பலாம். அப்பா விழுந்தாக் கண்டுபிடிச்சு எனக்கு அறிவிக்கும். நான் இஞ்சயிருந்தே அவரைப் பாத்துக் கதைக்கவும் ஏலும்."

கடைசியாகச் சொன்னதுக்குத்தான் அந்தச் சாமான் வருகிறது என்பது எனக்கு விளங்கியது. மாமாவுக்கும் விளங்கியிருக்கும். அவர் பக்கத்து அறையில்தான் இருந்தார்.

கிளிநொச்சிக்குப் போய்ப் பெட்டியை எடுத்து லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றிக் கொண்டுவந்தேன். பிரித்துப் பார்த்தால் இடுப்பு உயரத்தில் வெள்ளை உருவம் ஒன்று. கீழே உருண்டோடச் சில்லுகள். நெஞ்சில் ஒரு திரை. இரண்டு பக்கமும் பிடித்து எழும்பக் கைப்பிடிகள். முன்னால் குளிசை வைக்கிற தட்டு. தலை உருண்டை. முகத்தில் கண்போல இரண்டு நீல வெளிச்சங்கள். நெற்றியில், புருவமென்று ஒன்று இருந்தால் அதற்கு நடுவில், வட்டமாக ஒரு கறுப்புக் கண்ணாடி. அது அழகுக்கு வைத்தது என்று நினைத்தோம்.

மச்சான் போனில் சொல்லச் சொல்ல அதற்குத் தமிழ் ஏற்றினோம். அது மாமாவின் பக்கம் திரும்பி, "வணக்கம் ஐயா. தங்களுக்குச் சேவையாற்றுவதில் மகிழ்ச்சி அடைகிறேன்," என்றது.

மாமா என்னைப் பார்த்தார். "ஆர் உது, செய்தி வாசிக்கிறது?"

"இதுதான் மாமா உங்களுக்கு வந்தது."

"சில்லு இருக்கோ?"

"இருக்கு."

"அப்ப பிள்ளையாரிட்டக் காட்டாமல் ஓட்டக்கூடாது."

இதில் தர்க்கம் செய்ய ஒன்றும் இல்லை. எங்கள் ஊரில் சில்லு வைத்த எதுவும் முதலில் பிள்ளையார் கோவில் வாசலில் நின்றுதான் ஓடும். சைக்கிள், மோட்டார்சைக்கிள், நெல்லு வெட்டுகிற மெசின் எல்லாம் அப்படித்தான். அடுத்த வெள்ளிக்கிழமை நானும் மனைவியும் அதைத் திரும்பவும் லான்ட்மாஸ்டரில் ஏற்றிக்கொண்டு போனோம். மாமா வீட்டில் இருந்தார். பக்கத்து வீட்டு அக்கா வந்து அவரைப் பார்த்துக்கொண்டார்.

ஐயர் அதைச் சுற்றிவந்து பார்த்தார். "இது வாகனமோ, ஆளோ?"

"சில்லு இருக்கு ஐயா. ஆனா கதைக்கும்."

"கதைச்சால் அர்ச்சனையும் செய்யத்தான் வேணும். நட்சத்திரம் என்ன?"

இதை நான் யோசித்து வரவில்லை. மனைவிதான், "அப்பான்ர நட்சத்திரத்தையே சொல்லுங்கோ, அவருக்கெண்டுதானே வந்தது," என்றாள். ஆகவே மாமாவும் அதுவும் உத்திரட்டாதி ஆனார்கள்.

புது வாகனங்களுக்கு நசிக்க வைப்பதுபோலச் சில்லுகளுக்கு முன்னால் தேசிக்காய், அதுதான் எலுமிச்சங்காய், வைத்தோம். அது முன்னால் நகர்ந்து தேசிக்காயைக் கண்டதும் நின்றது. "வழியில் தடை உள்ளது. தயவுசெய்து அகற்றவும்."

பூசைக்கு வந்த ஒருவர் சொன்னார்: "தடையை அகற்றச் சொல்லித்தானே பிள்ளையாரிட்டக் கொண்டுவந்திருக்கினம். இது வேற ஆரிட்டச் சொல்லுது?"

ஒருபக்கம் நானும் மறுபக்கம் அவருமாகப் பிடித்துத் தூக்கித் தேசிக்காயின் மேல் வைத்தோம். பாரம் போதாமல் தேசிக்காய் நசியவில்லை. வழுக்கிக்கொண்டு போய்த் தேங்காய் உடைக்கிற கல்லடியில் நின்றது. ஐயர் அதைப் பார்த்துவிட்டு, "பரவாயில்லை, பட்டால் காணும்," என்றார். பிறகு திருநீறு மூன்று குறி இழுத்து, நடுவில் சந்தனம் அப்பி, அதன்மேல் குங்குமம் வைத்தார். நெற்றியில், அந்தக் கறுப்பு வட்டத்தின்மேல். அளவெடுத்துச் செய்ததுபோல இருந்தது. யார் வைத்தாலும் அங்கேதான் வைத்திருப்பார்கள்.

பின்னேரம் மச்சான் கூப்பிட்டார். "மச்சான், ஒண்டும் தெரியேல்லை. எல்லாம் மஞ்சளாய்க் கிடக்கு. கீழ சிவப்பு."

நான் கோவிலுக்குப் போய்வந்ததைச் சொன்னேன்.

"எங்க பொட்டு வைச்சவர்?"

"நெத்தியிலதான்."

"அதுதான் மச்சான் கண்."

"நீலமாய் ரெண்டு இருக்கே?"

"அது சும்மா வெளிச்சம். நெத்தியில இருக்கிறதுதான் கண். துடைச்சு விடுங்கோ."

மனைவி போனை வாங்கினாள். "அண்ணா, கோயிலில ஐயர் வைச்சதை நாங்கள் என்னண்டு அழிக்கிறது? தானாய் விழட்டும். நாளைக்கு விழுந்திடும்."

தாயைப் போலவே மச்சானும் பக்தி உள்ளவர். சரி என்றார். மாமா விறாந்தையில் கதிரையில் இருந்தார். கண் மூடியிருந்தது. நித்திரை என்று நினைத்தோம்.

அடுத்தநாள் காலை சந்தனம் காய்ந்து வெடித்து விழுந்தது. நான் மாமாவைக் குளிப்பாட்டிக் கொண்டுவந்து சாமி படத்துக்கு முன்னால் விட்டேன். இடது கையால் திருநீறு எடுப்பது எங்களில் வழக்கமில்லை. ஐயரிடம் ஆள்விட்டுக் கேட்டு, பரவாயில்லை என்ற பிறகுதான் மாமா இடது கையால் பூசத் தொடங்கியவர். அன்றைக்குத் தனக்குப் பூசி முடித்ததும், "உதை இஞ்ச வரச்சொல்லுங்கோ," என்றார்.

அது வந்தது. மாமா சந்தனத்தைக் குழைத்து அதன் நெற்றியில் அப்பினார். ஐயர் வைத்ததைவிடத் தடிப்பாக.

"எனது பார்வை மறைக்கப்பட்டுள்ளது. தயவுசெய்து துடைக்கவும்."

"பொறு," என்றார் மாமா. "காயட்டும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் இது நடந்தது. கண் மூடியிருந்தாலும் அது கால்மட்டத்தில் வேறு எதையோ வைத்து வழி கண்டுகொண்டு ஓடியது. குளிசை கொண்டுவந்தது. அதன் கைப்பிடியைப் பிடித்து மாமா எழும்பப் பழகினார். என்னைப் பிடித்து எழும்பும்போது அவர் முகத்தில் இருந்த வெட்கம் அதைப் பிடிக்கும்போது இல்லை. குளிசை நேரத்தில் அது செய்தி வாசிக்கும். "வைச்சிட்டுப் போ, காணும்," என்பார். அது போகும். மாமா சொல்லி ஒருத்தர் உடனே போவது நெடுநாளைக்குப் பிறகு அப்போதுதான்.

மச்சான் மட்டும் ஒவ்வொரு கிழமையும் மஞ்சளைப் பார்த்தார்.

"அப்பாவுக்கு ஒருக்காச் சொல்லுங்கோவன் மச்சான்."

"என்னத்தைச் சொல்லுறது? திருநீறு சந்தனம் வைக்காதேங்கோ எண்டோ?"

"அப்பிடிச் சொல்லேலாதுதான்," என்றார். "கன்னத்தில வைக்கச் சொல்லிப் பாருங்கோ."

"கன்னத்தில ஆர் பொட்டு வைக்கிறது?"

வெளியில் கதை வேறுமாதிரிப் போயிற்று. மனைவி சந்தையில் கேட்டுக்கொண்டு வந்தாள். பிள்ளையாரே அந்த மெசினின் கண்ணை மூடிவிட்டாராம். இல்லை, மெசினின் நெற்றியில் தானாகவே சந்தனம் சுரக்கிறதாம். ஒரு பகுதியினர் இரண்டையும் நம்பவில்லை. தகப்பனை வைத்துப் பார்க்கிற இலட்சணம் தமையனுக்குத் தெரியக்கூடாது என்று நாங்கள்தான் கண்ணை மறைத்து வைத்திருக்கிறோம் என்றார்கள். இதைச் சொல்லிவிட்டு மனைவி குசினிக்குள் போய் நெடுநேரம் பாத்திரம் கழுவினாள். மாமாவுக்கு நாங்கள் சொல்லவில்லை.

காலபோக நெல் அறுவடையின்போது மாமா விழுந்தார்.

நான் வயலில் நெல்லு வெட்டுகிற மெசினோடு நின்றேன். மனைவி வீட்டுக்குப் பின்வளவில் நெல்லுக் காயவிட்டுக்கொண்டிருந்தாள். மத்தியானச் சாப்பாடு முடிந்த நேரம். ரோபோ சுவரோரம் நின்று கரண்ட் ஏற்றிக்கொண்டிருந்தது. மாமா அதைக் கூப்பிடாமல் தானாக எழும்பப் பார்த்திருக்கிறார். கட்டிலுக்கும் சுவருக்கும் இடையில் விழுந்துவிட்டார். நெற்றியில் சந்தனத்தோடு நின்ற இயந்திரத்துக்கு அது தெரியவில்லை. அது குளிசை நேரத்துக்குத்தான் அசைந்தது. அவர் காலடிக்கு வந்து நின்று, "ஐயா, மருந்து உட்கொள்ளும் நேரம்," என்றது. யாரும் குளிசையை எடுக்காததால் திரும்பச் சொன்னது. எடுக்காவிட்டால் குரலை உயர்த்தும்படி அதைச் செய்திருக்கிறார்கள். பின்வளவில் நின்ற மனைவிக்குக் கேட்கும் அளவுக்கு அது உயர்த்தியதும்தான் அவள் ஓடிவந்தாள்.

பக்கத்து வளவு ஆட்களைக் கூப்பிட்டுத் தூக்கிக் கட்டிலில் போட்டார்கள். நான் வயலிலிருந்து வந்து சேர்ந்தபோது மனைவி அழுதுகொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். "விழுந்த உடன ஏன் அப்பா கூப்பிடேல்லை? நான் பின்னாலதானே நிண்டனான்?"

"கூப்பிட்டா வந்து பாப்பாய்," என்றார் மாமா.

கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் படம் பிடித்துப் பார்த்தார்கள். எலும்பு முறியவில்லை. இடுப்பு கறுத்துப்போயிருந்தது. இன்னொருமுறை இப்படி விழுந்தால் எழும்பமாட்டார், விழுந்தபடி கிடக்க விடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

மச்சானுக்கு நான்தான் சொன்னேன். அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது என்று இருந்தது.

"கண் திறந்திருந்தா உடன எனக்கு வந்திருக்கும் மச்சான். நான் உங்களுக்குப் போன் அடிச்சிருப்பன். இனியாவது துடைச்சு விடுங்கோ. அப்பா கோவிச்சாலும் பரவாயில்லை."

அப்போதுதான் மாமா சொன்னதை நான் அவருக்குச் சொன்னேன். கடைசியாகப் பார்த்த முகம் நல்ல முகம், அதோடு இருக்கட்டும் என்று சொன்னதை.  

"மச்சான்," என்றார். "நான் இஞ்ச என்ன வேலை எண்டு நினைச்சுக்கொண்டிருக்கிறியள்?"

"கந்தோரில எண்டு மாமா சொல்லுவார்."

"நான் வயசானாக்களைக் குளிப்பாட்டிறவன். விடிய எழுப்பி, கழுவி, உடுப்பு மாத்தி, சாப்பாடு வாயில தீத்தி, வாய் துடைக்கிறது. அப்பான்ர மாதிரி இழுத்த வாய் எத்தினையத் துடைச்சிட்டன். அவற்ற முகம் இப்ப எப்பிடி இருக்கும் எண்டு எனக்குப் பாக்காமலே தெரியும். தெரிஞ்சதைத்தான் ஒருக்காப் பாக்கவேணும் எண்டு கேக்கிறன்."

நான் கேட்டேன். "இதை மாமாட்டச் சொல்லட்டோ?"

"சொல்லுங்கோ. எனக்கு என்ர வாயால சொல்ல வெக்கமாய் இருக்கு."

எங்களுக்குக் கதைக்கிற இடம் ஒன்றுதான். அடுத்தநாள் கிணற்றடியில் முதுகுக்குச் சவர்க்காரம் போடும்போது சொன்னேன். மாமா குளத்துத் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டது வேறு.

"குளிப்பாட்டிறவனோ?"

"ஓம் மாமா."

"தீத்தியும் விடுறவனோ?"

"ஓம்."

நான் இரண்டு வாளி ஊற்றினேன்.

"நீங்கள் இப்ப எனக்குச் செய்யிற எல்லாம்?"

"எல்லாந்தான்."

மாமா தென்னையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் தென்னையைப் பார்த்தேன். "ஆரோ ஆக்களின்ர தகப்பன்மாருக்கு," என்றார். அவ்வளவுதான். துவட்டி, உடுப்பு மாற்றிக் கொண்டுவந்து விட்டேன். அன்றைக்கும் அதன் நெற்றியில் சந்தனம் வைத்தார். அது முறையிட்டது. அவர் பொறு என்றுகூடச் சொல்லவில்லை. துடைப்போமா என்று மனைவி கண்ணால் கேட்டாள். எனக்குக் கை வரவில்லை.

மற்றநாள் விடிய, "தம்பி, முகத்தை வழிச்சு விடுங்கோ. மீசையை விட்டிடுங்கோ," என்றார். வழித்தேன். இழுத்த பக்கத்தில் தோல் நழுவும். அதைப் பிடித்து இழுத்து வழிக்கவேண்டும். அவர் என்னைத் தொடவிட்டார், சுவர்ப் பக்கம் திரும்பவில்லை. சாமி கும்பிட்டார். ரோபோ பழக்கத்தில் முன்னால் வந்து நின்றது. மாமா திருநீறு எடுத்து அதன் உச்சந்தலையில் பூசிவிட்டு, "போ," என்றார். அது அன்றைக்கு ஒன்றும் முறையிடவில்லை.

வேட்டி கட்டி, சால்வை போட்டு விறாந்தையில் கதிரையில் இருத்தினோம். கதிரையை எப்படி வைக்கவேண்டும் என்று அவரே சொன்னார். நல்ல பக்கம் முன்னால் தெரியும்படி, முற்றத்தைப் பார்த்தபடி. நாலைந்து தரம் மாற்றி வைத்தோம். மனைவி ரோபோவைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தித் தமையனுக்கு அழைப்பு எடுத்தாள்.

மச்சான் அதன் நெஞ்சுத் திரையில் வந்தார். நீல நிற வேலை உடுப்பு. தலைமயிர் முன்பக்கம் போய்விட்டது. அவருக்கும் வயதாகிவிட்டது என்பது மாமாவுக்கு அப்போதுதான் தெரிந்திருக்கும். மாமா ஓரக்கண்ணால் பார்த்தார்.

"அப்பா."

"ஓம்."

"சுகமோ?"

"இருக்கிறன்."

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். முற்றத்தில் கோழி ஒன்று நெல்லைக் கிளறிக்கொண்டிருந்தது. அதைத் துரத்தக்கூட யாரும் அசையவில்லை.

"அப்பா," என்றார் மச்சான், "மற்றப் பக்கத்தையும் காட்டுங்கோ."

மாமா உடனே திரும்பவில்லை. சால்வையைச் சரிசெய்தார். இடது கையால் கதிரைக் கையைப் பிடித்தார். நான் உதவிக்குக் குனிந்தேன். வேண்டாம் என்று தலையசைத்தார். பிறகு மெதுவாக முகத்தைத் திருப்பி, கறுப்பு வட்டத்துக்கு நேரே வைத்தார்.

மச்சான் பார்த்தார். நான் எதிர்பார்த்தது அழுகை. அவர் அழவில்லை. கிட்டக் குனிந்து, டாக்குத்தர் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"சாப்பாடு அந்தக் கன்னத்துக்குள்ள தங்குதோ?"

"தங்கும்."

"சாப்பிட்ட பிறகு விரலை விட்டு எடுக்கவேணும் அப்பா. இல்லாட்டிப் படுக்கேக்க புரைக்கேறும். இஞ்ச பாருங்கோ." தன் வாய்க்குள் விரலை விட்டுக் கன்னத்தைச் சுற்றிக் காட்டினார். மாமா இடது கை விரலைத் தன் வாய்க்குள் விட்டார். தகப்பனும் மகனும் எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு முகத்துக்கு முகம் பார்த்து, வாய்க்குள் விரலை வைத்துக்கொண்டு இருந்தார்கள்.

விரலை எடுத்துவிட்டு மாமா கேட்டார். "அங்க அவங்கள் உன்னை ஏசுறவங்களோ?"

"சிலபேர் ஏசுவினம். சிலபேர் கடிப்பினம்."

"கடிச்சா என்ன செய்வாய்?"

"கையை எடுத்திடுவன்."

மாமா சிரித்தார். நோய் வந்த பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்ததை நான் கண்டதில்லை. சிரித்தபோது வாய் இன்னும் கோணியது, எச்சில் வடிந்தது. மனைவியின் கை தன்பாட்டில் துவாயோடு போனது.

"பொறு தங்கச்சி," என்றார் மச்சான். "துவாயை அவற்ற இடது கையில குடு. அவரே துடைப்பார்."

கொடுத்தாள். துடைத்தார். ஓரத்தில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. "இன்னும் கொஞ்சம் மேல அப்பா," என்றார் மச்சான். மாமா அதையும் துடைத்தார்.

பிறகு மாமா சில போகங்கள் எங்களோடு இருந்தார். ஒவ்வொரு நாளும் மச்சான் வேலை முடிந்து வந்து அவர் சாப்பிடுவதைப் பார்ப்பார். எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது, எப்படிப் புண் வராமல் பார்ப்பது என்று எங்களுக்குச் சொல்லித் தருவார். தன்னுடைய கிழவர்கள் அன்றைக்கு என்ன செய்தார்கள் என்று மாமாவுக்குச் சொல்வார். மாமா அவர்களை ஒவ்வொருவராக விசாரிப்பார், பக்கத்து வயல்காரர்களை விசாரிப்பதுபோல. மகனுக்கு என்ன வேலை என்று யாராவது கேட்டால், "எங்களை மாதிரி ஆக்களைப் பாக்கிறவன்," என்று சொல்லத் தொடங்கினார். கடைசி நாளில் தகப்பனின் வாயை எப்படித் துடைத்துவிடவேண்டும் என்று சொன்னதும் மச்சான்தான். அவர் சொல்லச் சொல்ல நான் துடைத்தேன்.

இப்போது இந்தக் கதை எங்களைவிடத் தூரம் போய்விட்டது. பிள்ளையார் மெசினின் கண்ணை மூடித் திறந்தார் என்கிறார்கள். மெசின் அழுதது என்கிறார்கள். வெளிநாட்டில் ஒருவர் இதை என் மச்சானுக்கே புதுக்கதையாகச் சொல்லியிருக்கிறார். மச்சான் கடைசிவரை கேட்டுவிட்டு, நல்லது என்று சொல்லிவிட்டு வந்தாராம். நான் பிள்ளையாரை நம்புகிறவன். அவர் என்ன செய்தார் என்பதை நானும் அவரும் கோவிலில் கதைத்துக்கொள்கிறோம். ஆனால் சந்தனம் வைத்தது மாமாவின் இடது கை. ஒருநாள் வைக்காமல் விட்டதும் அதே கை. முகத்தைத் திருப்பியதும் அவரே, யாரும் பிடித்துத் திருப்பவில்லை. இதை வாசிக்கிறவர்கள் தங்கள் வீட்டில் இப்படி ஒருவர் சுவர்ப் பக்கம் திரும்பிக் கிடந்தால் அவருக்கும், அவரைப் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள். இயந்திரத்தை அழவைக்காமல், என் மனைவியைக் கெட்டவளாக்காமல், மாமாவின் வாயை நேராக்காமல், நான் எழுதியபடியே சொல்லுங்கள். அதைத்தான் கேட்கிறேன்.